வச்சிருந்தவன் வரலாறு

அருங்காட்சியகம் என்பது வச்சிருந்தவன் வரலாறு. எதையும் வைத்திருக்கக் கூடாது என்று விதிக்கப்பட்டவனுக்கு அங்கே கண்ணாடிப் பெட்டி கிடையாது. இதைச் சொன்னால் கலை அன்பர்களுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. "கலைக்கு ஏதுங்க சாதி? அழகு எல்லாருக்கும் பொது. அழிஞ்சு போயிடாமக் காப்பாத்தத்தான் சேத்து வைக்கிறோம்" என்கிறார்கள். பொது என்கிற சொல்லை நாங்கள் நிறையக் கேட்டிருக்கிறோம். ஊருணி பொது, கோயில் பொது, சுடுகாடு பொது, டீக்கடை பெஞ்சு பொது. அந்தப் பொதுவில் எந்த மூலையில் நாங்கள் நிறுத்தப்பட்டோம் என்பது எங்கள் கால்களுக்குத் தெரியும்.

இப்போது இதைப் பேச வேண்டிய அவசியம் வந்திருக்கிறது. ராமநாதபுரத்தில் நாவாய் அருங்காட்சியகம் கட்டப்படும் என்று 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பழைய தமிழர் கடல் வாணிபத்தின் பெருமையைச் சொல்லப் போகிற கட்டடம். வரட்டும். வானம் பார்த்த பூமி, கருவேலங்காடு, தண்ணியில்லாக் காடு, தண்டனைக்கு மாற்றல் போடுகிற ஜில்லா என்றே பேர் வாங்கிய ஊருக்கு ஒரு நல்ல கட்டடம் வருவதில் எனக்கென்ன வருத்தம்? கதவு திறப்பதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எதற்காகச் சேகரிக்கிறீர்கள்? யார் வைத்திருந்ததைச் சேகரிக்கிறீர்கள்?

*

ஒருவன் ஏன் கலைப்பொருளைச் சேர்க்கிறான்? அழகுக்காக என்பது பாதி உண்மை. மீதிப் பாதி அதிகாரம்.

ராமநாதபுரம் அரண்மனைக்குள் ராமலிங்க விலாசம் இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய ஓவியங்கள் சுவரெல்லாம், விதானமெல்லாம். சேதுபதி கொலுவிருக்கிறார். வெள்ளைக்காரத் தூதுவர்கள் வந்து நிற்கிறார்கள். தஞ்சை மராட்டியரோடு யுத்தம் நடக்கிறது. ராமாயணம் நடக்கிறது. அந்தப்புரம் நடக்கிறது. கோடு சுத்தமான கோடு, நிறம் அசலான நிறம். மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுவர் ஒரே ஒரு செய்தியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது: இது என்னுடையது. நிலம் என்னுடையது, வெற்றி என்னுடையது, சாமி என்னுடையது, பெண்கள் என்னுடையவர்கள். இன்று அதைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் அந்த 'என்னுடையது'களை அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறோம்.

வெள்ளைக்காரன் மட்டும் என்ன? லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் 1753-ல் உண்டானது. ஹான்ஸ் ஸ்லோன் என்கிற மருத்துவர் சேர்த்து வைத்த பொருள்கள்தான் அதற்கு முதல். அவருக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? வைத்தியத்தில் கொஞ்சம். ஜமைக்காவில் அடிமைகள் வேலை செய்த கரும்புத் தோட்டங்களிலிருந்து மனைவி வழியாக வந்தது மிச்சம். கரும்பு வெட்டிய கறுப்பனின் வேர்வைதான் லண்டனில் கண்ணாடிப் பெட்டிக்குள் சிப்பியாகவும் புத்தகமாகவும் காசாகவும் அடுக்கப்பட்டது. 2020-ல்தான் அந்த மனுசனின் சிலையை எடுத்து, அடிமைத்தனத்தோடு அவருக்கிருந்த தொடர்பை எழுதிப் பக்கத்தில் வைத்தார்கள். 267 வருசம் கழித்து!

நம்மூர்ச் சாமிகளின் கதையும் இதுவே. அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் திருட்டுப்போனார். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் அவரை 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 2014-ல் திரும்பி வந்தார். விற்ற சுபாஷ் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022-ல் பத்து வருசம் தண்டனை கொடுத்தது. நல்ல காரியம். "நம்ம சாமி வந்துட்டாரு" என்று பேப்பரெல்லாம் எழுதியது. நானும் படித்தேன். அந்த 'நம்ம'வில் நான் எப்போது சேர்ந்தேன் என்று மட்டும் யாரும் எழுதவில்லை. கடல் தாண்டிப் போன சாமியை மீட்க ஒரு நாடே கிளம்புகிறது. ஒரு தெரு தாண்டி உள்ளே வர முடியாத மனுசனை மீட்க எந்தப் போலீஸ் பிரிவு இருக்கிறது?

*

சரி, எங்களிடம் என்ன இருந்தது? இங்கேதான் விசயம்.

1930 டிசம்பர். அன்றைய ராமநாதபுரம் ஜில்லா. இன்றைய சிவகங்கை, விருதுநகர் பகுதிகளும் அதற்குள் அடக்கம். ஆதிக்க சாதி நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடருக்கு எட்டுக் கட்டுப்பாடு போட்டார்கள். 1931 சென்சஸை நடத்திய ஹட்டன் என்கிற அதிகாரி சாதி பற்றி எழுதிய புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். என்ன கட்டுப்பாடு? தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆம்பளை முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடி கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பொம்பளை மேலுடம்பை ரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசையைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அதோடு விட்டார்களா? 1931 ஜூனில் இன்னும் ஒரு பட்டியல். தண்ணி எடுக்க மண்குடம்தான், செம்போ பித்தளையோ கூடாது. குடத்துக்குக் கீழே வைக்கிற சும்மாடு வைக்கோலில்தான் இருக்க வேண்டும், துணியில் கூடாது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதார் மாட்டை மேய்க்க வேண்டும். சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு மலிவு விலையில் விற்றுவிட வேண்டும். காலை 7 மணியிலிருந்து சாயங்காலம் 6 மணி வரை வேலை, ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்தில் மேளம் கூடாது.

இந்தப் பட்டியலை இன்னொரு தரம் படியுங்கள், அருங்காட்சியகத்துக்குள் நடந்துகொண்டே படியுங்கள். நகைக் கூடம்: எங்களுக்குத் தடை. உலோகப் பாத்திரக் கூடம்: தடை. துணிமணிக் கூடம்: தடை. இசைக் கருவிக் கூடம்: மேளம் தடை. நூல், சுவடிக் கூடம்: படிப்பே தடை. ஒரு அருங்காட்சியகத்தில் எத்தனை அறை உண்டோ அத்தனைக்கும் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். நாளைக்கு எவனாவது வந்து 'உங்க மூதாதை என்ன வச்சிருந்தா?' என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று யோசித்து யோசித்துப் போட்ட சட்டம் மாதிரி இருக்கிறது.

என் அப்பத்தா திருவாடானைப் பக்கத்தில் பிறந்து, கடலோரம் வைகைக் கடைமடைக்கு வாக்கப்பட்டு வந்தது. ஹட்டனைத் தெரியாது. கட்டுப்பாட்டைத் தெரியும். "பித்தளச் சொம்பு ஒண்ணு எங்க ஆத்தா வச்சிருந்துச்சு. சாணிக் குப்பைக்குள்ள பொதச்சு வச்சிருந்துச்சு. நல்ல நாளு பெரிய நாளுக்கு ராத்திரி எடுத்து, பாத்துட்டு, மறுபடியும் பொதச்சிரும்" என்று சொல்லும். தண்ணி குடிக்கக்கூட இல்லை. பார்ப்பதற்கு! சேகரிப்பு என்றால் என்ன என்று பெரிய பெரிய புத்தகம் எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன், அதுதான் சேகரிப்பு. குப்பைமேட்டுக்குள் ஒரு சொம்பு, அதைப் பார்க்க ராத்திரியில் ஒரு பொம்பளை. அழகு மேல் ஆசை எங்களுக்கும் இருந்தது. அந்த ஆசைக்கு அபராதம் போட்டார்கள்.

காரைக்குடியில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்கு, வெண்கலப் பானை, மரப்பாச்சி எல்லாம் கிடைக்கும். பெரிய வீடுகளைப் பிரிக்கும்போது வருகிற சாமான். சேகரிப்பாளர்கள் கார் போட்டுக்கொண்டு வந்து வாங்குகிறார்கள். நான் ஒரு வியாபாரியிடம் கேட்டேன்: "அண்ணே, சேரிப் பக்கம் போய் எடுக்குறதில்லையா?" அவர் சிரித்தார். "அங்க என்ன தம்பி இருக்கு, சட்டியும் சிரட்டையும்தான?" கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர் உள்ளதைச் சொன்னார். சட்டியும் சிரட்டையும் மட்டும் ஏன் இருந்தது என்று கேட்க வேண்டியது அவர் வேலை இல்லை. அருங்காட்சியகத்தின் வேலை. அது கேட்டதில்லை.

*

"உங்க ஆளுங்க பத்தி ஒண்ணுமே சேகரிக்கலங்கிறது பொய்யி" என்று யாராவது சொல்லலாம். வாஸ்தவம். எங்களையே சேகரித்தார்கள்.

எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். நம் கடற்கரைக்கும் வந்தவர். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் பவளம், சிப்பி, மீன் என்று பார்த்துப் பார்த்துச் சேகரித்தார். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு பற்றி 1894-ல் அருங்காட்சியக வெளியீடாகவே எழுதினார். அதே கைதான் மனுச உடம்பையும் அளந்தது. கவராயம் மாதிரி ஒரு இடுக்கியை வைத்துத் தலையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், அகலம் எல்லாம் அளந்து எழுதினார். ரங்காச்சாரியின் உதவியோடு 1909-ல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 7 தொகுதிகள் வந்தன. பறையர், பள்ளர் எல்லாம் அதில் உண்டு. மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்குக் குறியீடு. அந்த எண் கூடக் கூட ஆள் சாதியில் கீழே என்று ரிஸ்லி என்கிற இன்னொரு வெள்ளைக்கார அதிகாரி சித்தாந்தமே வைத்திருந்தார்.

மன்னார் வளைகுடாச் சங்குக்கு லத்தீனில் ஒரு பேர் கிடைத்தது. எங்கள் தாத்தன்மாருக்கு ஒரு எண் கிடைத்தது. அளக்கப்பட்டவன் எந்த ஊர், என்ன வேலை பார்த்தான், அளக்கும்போது என்ன நினைத்தான் என்று யாரும் கேட்கவில்லை. சங்கிடம் யார் கேட்பார்கள்?

அருங்காட்சியகத்தால் ஒரு நன்மையும் விளைந்தது. மறைக்க மாட்டேன். எழும்பூர் மியூசியத்தை எங்கள் சனம் 'செத்த காலேஜ்' என்று சொல்லும். என் சின்னையா மதராசில் மூட்டை தூக்கப் போனபோது அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "நடராசர மூஞ்சிக்கு மூஞ்சி பாத்தேன்டா. அய்யரு இல்ல, தட்டு இல்ல, தள்ளி நில்லுன்னு சொல்ல ஒருத்தன் இல்ல." பூமிக்குள் கிடைக்கிற விக்கிரகங்கள் 1878 புதையல் சட்டத்தின் வழியாக மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன. திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கிறார். கோயிலுக்குள் நாங்கள் நுழைய மதராஸ் மாகாணத்தில் 1947-ல் சட்டம் வர வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் வந்து வருசக்கணக்கான பிறகும் எங்கள் ஊரில் தேர்முட்டியைத் தாண்ட முடியவில்லை. சாமியைத் தீட்டில்லாமல் பார்க்க, சாமி செத்து காலேஜுக்கு வர வேண்டியிருந்தது. ஆகவே அருங்காட்சியகத்தை இடி என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே கதவு திறந்திருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் நாங்கள் இல்லை. அதுதான் வழக்கு.

*

இப்போது அழகன்குளத்துக்கு வருவோம். வைகை கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். 1986-லிருந்து பல பருவங்களில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியது. 2016-17-லும் தோண்டினார்கள். ரோமானியக் காசு கிடைத்தது. மேல்நாட்டு மதுச்சாடி ஓடு கிடைத்தது. கப்பல் கீறிய ஓடு கிடைத்தது. தமிழி எழுத்தில் பேர் கீறிய ஓடுகள் கிடைத்தன. ஓடு, ஓடு, ஓடு! தமிழன் பெருமை முழுக்க இன்று பானை ஓட்டின் மேல்தான் நிற்கிறது. கீழடியிலும் அப்படியே. 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் பானை ஓட்டை வெளிச்சம் போட்டு வைத்திருக்கிறார்கள். சனம் வரிசையில் நின்று பார்க்கிறது.

என்ன விசித்திரம் பாருங்கள். 1930-ல் எங்களைக் கேவலப்படுத்துவதற்கென்று கொடுத்தது மண்பானை. இன்று தமிழனைக் கௌரவப்படுத்துவதற்கென்று எடுத்துக்காட்டுவதும் மண்பானை. வைகைக் கரையில் 2000 வருசத்துக்கு முன்னால் ஒருத்தர் தன் பானையில் தன் பேரைக் கீறினார். 'இது என்னுது' என்றார். அவர் யாரோ, என்ன தொழிலோ, எழுதத் தெரிந்திருக்கிறது. பேர் போடத் தைரியம் இருந்திருக்கிறது. அதே வைகை ஓடுகிற அதே சீமையில் 1931-ல் ஒரு கட்டுப்பாடு: மண்பானைதான் வைத்திருக்கலாம், பிள்ளை எழுதப் படிக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பானை உண்டு. பானையில் கீறப் பேர் எழுதத் தெரியக் கூடாது.

தமிழர் நாகரிகம் எப்படி எழுந்தது என்று அருங்காட்சியகம் சொல்கிறது. சரி. அந்த எழுத்தை ஒரு கூட்டத்தின் கையிலிருந்து பிடுங்கியது யார் என்று எந்தப் பலகை சொல்லும்? இந்த இடத்தில் நம் தமிழ்ப் பற்றாளர்கள் "பழைய கசப்பு எதுக்குத் தோழர், நாம எல்லாரும் தமிழர்தானே" என்று தோளில் கை போடுவார்கள். 2000 வருசத்துக்கு முந்திய பானை பழசு இல்லை, 95 வருசத்துக்கு முந்திய கட்டுப்பாடு பழசாம்!

95 வருசம் என்ன, நேற்று நடந்ததைச் சொல்கிறேன். 1995 ஆகஸ்ட் 31. கொடியன்குளம். வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்துக் கொஞ்சம் தலையெடுத்த தலித் ஊர். போலீஸ் புகுந்தது. எதை உடைத்தார்கள்? டிவி, மின்விசிறி, தையல் மிஷின், மோட்டார் சைக்கிள். எதை அழித்தார்கள்? பாஸ்போர்ட்டை, படிப்புச் சான்றிதழை. கிணற்றில் விஷம் கலந்தார்கள். நாட்டார் போட்ட பட்டியலைக் காக்கி போட்டவர்கள் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மாதிரி இருந்தது. உலோகம் கூடாது, எழுத்து கூடாது, தண்ணீர் கூடாது. 1957-ல் முதுகுளத்தூர்க் கலவரத்தில் எரிந்த குடிசைகளுக்குள் என்னென்ன இருந்தன என்று எந்தப் பட்டியலும் இல்லை. ஊர் ஊராக எங்கள் அருங்காட்சியகங்கள் எரிந்திருக்கின்றன. அவற்றுக்குக் குடிசை என்று பேர்.

*

புலம்பிப் பயனில்லை. மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

நாகபுரிக்குப் பக்கத்தில் சிச்சோலி என்று ஒரு ஊர். பாபாசாகேப் போட்ட கோட்டுகளையும் அவர் தட்டெழுத்துப் பொறியையும் அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கோட்டுப் போடக் கூடாது என்று 1930-ல் எங்களுக்கு விதித்தார்கள் அல்லவா? அந்த விதிக்கு எதிரான மிகப் பெரிய கலைப்பொருள் ஒரு கோட்டுதான்.

அமெரிக்காவில் கறுப்பர்களின் வரலாற்றுக்கென்று வாஷிங்டனில் 2016-ல் ஒரு தேசிய அருங்காட்சியகம் திறந்தது. ஆரம்பத்தில் அவர்கள் கையில் சேகரிப்பே கிடையாது. நகரம் நகரமாகப் போய், 'உங்க வீட்டுப் பரணில், பெட்டியில் என்ன இருக்கு, எடுத்துட்டு வாங்க' என்று கேட்டார்கள். சனம் கொண்டுவந்து கொடுத்தது. 1955-ல் அடித்துக் கொல்லப்பட்ட 14 வயதுப் பையன் எம்மெட் டில்லின் சவப்பெட்டி அங்கே இருக்கிறது. கறுப்பரைத் தனியாக உட்கார வைத்த ரயில் பெட்டி அங்கே இருக்கிறது. அவமானத்தை ஒளிக்கவில்லை. அவமானப்படுத்தியவன் வந்து பார்க்கட்டும் என்று வைத்தார்கள்.

நம்மிடம் என்ன இருக்கிறது? டீக்கடைக் கூரையில் செருகி வைத்திருந்த தனி கிளாஸ் இருக்கிறது. என்னிடம் ஒன்று இருக்கிறது, கடையை மூடியபோது கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதற்கு முந்தி டீ ஊற்றிய சிரட்டை இருக்கிறது. கஞ்சி ஊற்றிய பனையோலைப் பட்டை இருக்கிறது. பண்ணைக் கடன் எழுதிய துண்டுச் சீட்டு, முதல் தலைமுறை வாங்கிய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ஊருக்குள் கையில் தூக்கிக்கொண்டு நடந்த செருப்பு, வைக்கோல் சும்மாடு. இவற்றைக் கண்ட இடத்தில் போடாதீர்கள், பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போடாதீர்கள். எழுதி வையுங்கள். யாருடையது, எந்த ஊர், எந்த வருசம், என்ன நடந்தது. எண் வேண்டாம். பேர் வேண்டும்.

ராமநாதபுரத்தில் கட்டப் போகிறவர்களிடம் நான் கேட்பது நாலே நாலு.

ஒன்று: அழகன்குளத்துப் பானை ஓட்டுக்குப் பக்கத்திலேயே 1930, 1931 கட்டுப்பாடுகளை, ஒரு வரி குறையாமல், பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

இரண்டு: கப்பலைக் காட்டும்போது கப்பலுக்குச் சரக்குத் தூக்கியவனையும், முத்தைக் காட்டும்போது மூச்சடக்கிக் குளித்தவனையும் காட்டுங்கள். குழிக்குள் இறங்கி மண் அள்ளி ஓட்டை எடுத்துக் கொடுத்த கூலிக்காரர்களின் பேர், ஆய்வாளர் பேருக்குக் கீழேயாவது வரட்டும்.

மூன்று: கட்டுப்பாட்டுக் காலத்தை அம்மா வழியாக, அப்பத்தா வழியாகக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் போய்விட்டால் எந்தக் குழி தோண்டினாலும் கிடைக்காது.

நாலு: தனி கிளாஸுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. ராமலிங்க விலாசத்துச் சேதுபதிக்குப் போடுகிற அதே வெளிச்சத்தை அதற்கும் போடுங்கள்.

முடியாது, இது கலைப்பொருள் இல்லை என்பீர்களானால், என் கிளாஸை நான் தரப் போவதில்லை. எங்கள் தெருவில் ஒரு கொட்டகை போட்டு நாங்களே வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். டிக்கெட் கிடையாது. தள்ளி நில் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.